எட்டடி ஆழத்தில் ஒரு மச்சான்

காலியான நீச்சல்குளத்தின் ஆழப் பக்கத்திலிருந்து போன் அடித்தது.

வெண்டல் ஹார்ப்பர் எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. அது அவன் போன் இல்லை. எட்டடிக்குக் கீழே மல்லாந்து கிடந்த மச்சான் ட்ராவிஸின் கையில் இருந்தது.

ட்ராவிஸும் எடுக்கவில்லை.

அவனாலும் முடியாது. சற்றுமுன்தான் செத்துப் போயிருந்தான்!

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வெண்டல் மூச்சு விட்டான். விட்ட மூச்சை வாங்குவதற்குள் அவன் கால்சட்டைப் பையில் இன்னொரு போன் அலறியது. இது அவனுடையது.

பெவர்லி... மனைவி!

"ஹ... ஹலோ, பெவ்!"

"ட்ராவிஸ் ஏன் போனை எடுக்க மாட்டேங்கிறான்?"

"படுத்திருக்கான்."

"பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு! இன்னுமா?"

"உன் தம்பிதானே!"

"உன் குரல் ஏன் இப்படி நடுங்குது?"

"காலைலேர்ந்து ட்ரில் மெஷின் பிடிச்ச கை. நடுக்கம் தொண்டை வரைக்கும் ஏறிடுச்சு."

"இன்னுமா அந்தக் குளத்தைக் குடைஞ்சுட்டு இருக்கே? பழைய பூச்சைக் கொத்திப் புதுசா பூசறது ஆள் வச்சு செய்யற வேலைன்னு சொன்னேனா இல்லையா?"

"ஆளா? அவன் கேக்கற காசுக்கு ஒரு படகே வாங்கிடலாம். நானே செய்வேன். வீடியோ பார்த்திருக்கேன்."

"கூரைக்கும் வீடியோதான் பார்த்தே. இப்ப மழை வந்தா ஹால்ல குடை பிடிச்சுட்டு டி.வி. பாக்கறோம்."

"அது வேற வீடியோ, பெவ்!"

"ஞாயித்துக்கிழமை அம்மா வீட்லேர்ந்து கிளம்பறேன். ஏர்போர்ட்டுக்கு ரெண்டு பேரும் வாங்க. என் தம்பியைப் பத்திரமா பாத்துக்கோ."

"பத்திரமா... ரொம்பப் பத்திரமா வச்சுக்கறேன்."

போனை வைத்தபோது வெண்டலின் முதுகு நனைந்திருந்தது. ஃப்ளோரிடாவின் ஆகஸ்ட் வெயிலில் எல்லார் முதுகும் நனையும். ஆனால் இது வேறு வியர்வை!

ட்ராவிஸ் வார விடுமுறைக்கு என்று வந்தவன். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய வார விடுமுறை. குடித்துவிட்டு ஓட்டியதில் லைசென்ஸ் போய்விட்டது. வேலை அதற்கு முன்பே போயிருந்தது. சோபாவும் ஃப்ரிட்ஜும் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

அதைக்கூட வெண்டல் பொறுத்துக்கொண்டான்.

பொறுக்க முடியாதது வேறு. வெண்டல் பைத்தியக்காரன் மாதிரி பூச்சைக் கொத்திக்கொண்டிருக்க, விளிம்பில் பீருடன் உட்கார்ந்த ட்ராவிஸ் அதைப் போனில் படம் பிடித்தான். பிடித்ததோடு விட்டானா? 'என் மாமாவும் அவர் கைவேலையும்' என்று தலைப்புப் போட்டு உலகத்துக்கே அனுப்பினான். முகம் தெரியாதவன் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா... சும்மா சொல்லு. பொறந்ததுலேர்ந்து ஒரு ஆணியாவது நேரா அடிச்சிருக்கியா?" என்று அன்று காலை கேட்டான்.

வெண்டல் ஏணியில் ஏறி மேலே வந்தான்.

"கேமராவைப் பார்த்துப் பேசு, மாமா!"

ஒரே ஒரு தள்ளு.

தண்ணீர் இருந்திருந்தால் நனைந்திருப்பான். தண்ணீர் இல்லை!

நியாயமான மனுஷன் இந்த நேரத்தில் ஷெரீஃப் ஆபீஸுக்குப் போன் போட்டிருப்பான். வெண்டலின் விரலும் போனுக்குத்தான் போனது. பிணத்தை மறைப்பது எப்படி என்று வீடியோ தேட! நல்லவேளை, இரண்டு எழுத்து தட்டியதுமே புத்தி வந்து நிறுத்திக்கொண்டான்.

வீடியோ எதற்கு? வாடகைக்கு எடுத்த கான்கிரீட் உடைக்கும் மெஷின் கையில். வெள்ளை சிமென்ட் மூட்டை மூட்டையாகக் காரேஜில். எவ்வளவு சத்தம் போட்டாலும், பாவம், பூல் வேலை செய்கிறான் என்றுதான் தெருவே நினைக்கும். இதைவிட வசதியான கொலைகாரன் இந்த மாநிலத்தில் எவன்?

"நானே செய்வேன்..." என்று முணுமுணுத்தான்.

ட்ராவிஸின் போனை, குளத்தைக் கழுவ வைத்திருந்த ஆசிட் வாளியில் போட்டான். புஸ்ஸென்று புகைந்து அடங்கியது.

ட்ராவிஸைச் சுற்ற ஒரு நீலத் தார்ப்பாய்.

தார்ப்பாய்க்கா பஞ்சம்? புயல் வந்து கூரை பறந்த ஊர். அந்தத் தெருவில் பைபிள் இல்லாத வீடு இருக்கலாம், நீலத் தார்ப்பாய் இல்லாத வீடு கிடையாது.

ஆழப் பக்கத்தில், வடிகால் சல்லடைக்குப் பக்கத்தில், தரையை ஆள் நீளத்துக்கு உடைத்தான். கீழே மணல். தோண்டினான். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. சல்லடைக்கு அடியில் திருகிக் கழற்றும் மூடி ஒன்று. அதைச் சுற்றியும் தண்ணீர் கசிந்தது.

வெண்டல் யோசிக்கவில்லை. மூடியை இன்னும் இறுக்கித் திருகினான். அதன்மேல் சட்டென்று இறுகும் சிமென்ட்டை அள்ளி அப்பினான். கசிவு நின்றது.

"அப்பாடா!"

நீல மூட்டையைக் குழிப்பக்கம் இழுத்தபோது...

"மிஸ்டர் ஹார்ப்பர்!"

வெண்டல் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

டோரீன் ப்ளாக்கர்! குடியிருப்போர் சங்கத் தலைவி. எதிர்வீடு. வாசலில் கொடி கட்டிய கோல்ஃப் வண்டி, கழுத்தில் கேமரா, உதட்டில் இளிப்பு. புல் ஒரு விரல் அதிகம் வளர்ந்தால் அபராதம் போடுகிறவள். ஒரு காலத்தில் இந்த வீடே அவளுடையதுதான். குளம் கட்டிய வருஷமே புருஷன் வர்ஜில் நடன டீச்சரோடு ஓடிப்போனான். மனசு கேட்காமல் வீட்டை வெண்டலுக்கு விற்றுவிட்டு எதிரே குடிபோனாள். அன்றிலிருந்து இந்த வீட்டையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"குளத்தைக் காலி பண்ண யார் அனுமதி கொடுத்தா?" விளிம்பில் வந்து நின்று கேட்டாள்.

"மேடம்... பூச்சு உரிஞ்சு போச்சு. கால் வச்சா கிழிக்குது. புதுசா பூசறேன்."

"இருபத்தோராம் விதி. சங்கத்தைக் கேக்காம எந்தக் குளத்தையும் காலி பண்ணக் கூடாது. அபராதம்!"

"கட்டிடறேன், மேடம்."

டோரீனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டை போடாமல் அபராதம் கட்டும் ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவள் பார்வை கீழே இறங்கியது.

"அது என்ன நீல மூட்டை?"

"அ... அது குப்பை. கொத்தின பூச்சு."

"வெளில தெரியற மாதிரி குப்பை வைக்கறது ஏழாம் விதிப்படி தப்பு. உடனே மூடுங்க!"

"அதுக்குத்தான் மேடம் காலைலேர்ந்து பாடுபடறேன்."

"இன்னொண்ணு..." அவள் குரல் தாழ்ந்தது. "குளத்துக்குள்ள என்ன வேணா பண்ணிக்குங்க. சுத்தி இருக்கற இந்தத் தளத்துல மட்டும் கை வைக்காதீங்க. ஒரு கல்லைக்கூடப் பேர்த்தெடுக்கக் கூடாது."

"அதுக்கு எத்தனாவது விதி?"

"அதுக்கு விதி வேண்டாம். நான் சொல்றேன்!"

கோல்ஃப் வண்டி போனது. வெண்டல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்து ஏழாம் விதியை நிறைவேற்றினான்.

மறுநாள் காலை...

"வெண்டல்! எங்கப்பா இருக்கே?"

வெண்டல் காப்பியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

டெல்பர்ட்! பக்கத்து வீடு. நல்ல மனுஷன். அதுதான் தொல்லை. ரிட்டயர் ஆகும்வரை ஷெரீஃப் ஆபீஸில் துப்பறியும் டெபுடியாக இருந்தவன். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். நாலு பேரும் கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரே மாதிரி சட்டை; சட்டைப் பையின்மேல் அவரவர் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் தெருவின் பௌலிங் அணி! கையில் கொத்துக்கரண்டிகள். பெட்டி நிறைய பீர்.

"எ... எதுக்குப்பா எல்லாரும்?"

"எதுக்கா? பூல் பூசறது ஒத்தை ஆள் வேலையா? ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. பாதில நிறுத்தினா ஒட்டுப் போட்ட கோவணம் மாதிரி தெரியும். உன் மச்சான் வீடியோ பாத்தோம். பாத்துட்டு எங்களுக்கே அழுகை வந்துடுச்சு."

"வேண்டாம், டெல்பர்ட். நானே..."

"சும்மா இருப்பா. எங்க உன் மச்சான்? அவன் கையிலயும் ஒரு கரண்டியைக் குடு."

"சிநேகிதன் ஒருத்தனோட கீ வெஸ்ட்டுக்கு மீன் பிடிக்கப் போயிட்டான்."

"வேலைன்னதும் நழுவிட்டானா! அவன் எங்க, இந்தக் குளத்துக்குள்ள எறங்கி உழைக்கப் போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தான். சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் கழன்று விழுந்தது.

டெல்பர்ட் சுத்தியலுடன் குளத்துக்குள் இறங்கினான்.

"அது எதுக்கு?" வெண்டல் பின்னாலேயே இறங்கினான்.

"தட்டிப் பாக்க. கெட்டியா இருந்தா 'டக்'குன்னு கேக்கும். அடியில பொந்து இருந்தா 'டொப்'புன்னு கேக்கும். பொந்தை அப்படியே விட்டு மேல பூசினா, ஆறே மாசத்துல உரிஞ்சுடும். டொப்புன்னா கொத்தியே ஆகணும்!"

டக்... டக்... டக்...

மேட்டுப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். வெண்டல் கூடவே நடந்தான்.

டக்... டக்...

சரிவில் இறங்கினான்.

டக்...

ஆழப் பக்கம்.

டக்... டக்...

டொப்!

டெல்பர்ட் நின்றான். மறுபடி தட்டினான்.

டொப்... டொப்...

"வெண்டல்..."

"ம்..."

"இங்க பெரிய பொந்து இருக்குப்பா. ஆள் படுக்கற அளவுக்கு!"

வெண்டலின் காதுக்குள் கடல் இரைந்தது.

"சிமென்ட்டும் புதுசா இருக்கு?"

"நான்தான் போட்டேன்."

"இதைக் கொத்தணும். யாராவது அந்த மெஷினை இறக்குங்கப்பா!"

"வேண்டாம்!" வெண்டலின் கத்தல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். "அது... பொந்து இல்ல. வடிகால்! சல்லடைக்கு அடியில ஒரு மூடி இருந்துதே... அதைக் கழட்டி வச்சிருக்கேன். அதான் சத்தம் அப்படி வருது."

டெல்பர்ட் அவனை உற்றுப் பார்த்தான்.

ஒரு கணம்... இரண்டு கணம்...

பிறகு வெண்டலின் தோளில் ஓங்கி ஒரு தட்டு!

"சபாஷ்! உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன். இதைக் கத்து வச்சிருக்கியே! இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு அந்த மூடி எதுக்குன்னே தெரியாது."

"எ... எதுக்கு?"

"என்னப்பா கழட்டினவன் கேக்கறே? நம்ம ஊர்ல முழங்கால் ஆழம் தோண்டினா தண்ணி. மழை பெஞ்சா அது இன்னும் ஏறும். குளம் நெறைஞ்சிருந்தா அந்த பாரத்துல அப்படியே உக்காந்திருக்கும். காலியா இருந்தா? அடித்தண்ணி அதைக் கப்பலை மிதக்க விடற மாதிரி அலேக்கா மேல தூக்கிடும்! மூடி தொறந்திருந்தா தண்ணி உள்ள வந்துடும், ஆபத்து இல்ல. எங்க மாமனார் மூடியை மறந்துட்டார். காலைல எழுந்து பாத்தா குளம் ஜன்னல் உயரத்துக்கு நிக்குது!"

இத்தனை நாள் குளத்தைக் காப்பாற்றியது அந்தக் கசிவு; அதையும் நேற்று அவனே சிமென்ட் அப்பி அடைத்துவிட்டான்!

அவன் பார்த்த வீடியோவில் இது இல்லை. இருக்காது. அதை எடுத்தவன் அரிசோனா பாலைவனத்துக்காரன். அவன் ஊரில் பாதாளம் வரை தோண்டினாலும் புழுதிதான்!

'மூடியைக் கழட்டலை' என்று இப்போது சொல்லலாம். சொன்னால் டெல்பர்ட் கொத்துவான். கொத்தினால் மச்சான்.

"கழட்டிட்டேன்," என்றான் வெண்டல். "நல்லா கழட்டிட்டேன்."

"அப்ப கவலையே இல்ல. கலக்குங்கப்பா!"

வெள்ளை சிமென்ட், மார்பிள் தூள், தண்ணீர். கலவை மெஷின் உருண்டது. நாலு மஞ்சள் சட்டையும் முட்டி போட்டு வரிசையாகத் தேய்த்தன. வெண்டல் அடிக்கடி வானத்தைப் பார்த்தான். மேற்கே ஒரு மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அந்த மேகம் சாப்பாட்டுக்கு வருகிற விருந்தாளி. நேற்று மட்டும் வரவில்லை; மற்றபடி தினமும் பிற்பகலில் வந்துவிடும்.

"வேகம்! வேகம்!" என்று கத்தினான்.

"பாருப்பா, வேலைன்னா என்ன பரபரப்பு! மச்சானுக்கு நேர் எதிர்," என்றான் டெல்பர்ட். அவன் கரண்டி அப்போது மச்சானுக்கு நேர் மேலே வழுக்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சட்டையெல்லாம் வீணாகுதே, டெல்பர்ட்!" பேச்சை மாற்றினான் வெண்டல்.

"வீணாவா? இது பாலியெஸ்டர். நாம போனாலும் இது போகாது. அணியில அஞ்சு சட்டை இருந்துது தெரியுமா? அஞ்சாவது வர்ஜிலோடது."

"டோரீன் மேடம் புருஷன்?"

"அவனேதான். எங்க அணியிலயே நல்ல கை. சட்டையோடயே ஓடிட்டான், படுபாவி! டோரீன் கம்ப்ளெயின்ட் குடுத்தா. நான்தான் விசாரிச்சேன். அவ அழுத அழுகைல எனக்கும் கண்ணு கலங்கி, கேஸை மூடிட்டேன்."

மத்தியானத்துக்குள் பூச்சு முடிந்தது. சொல்லக் கூடாது, அருமையான வேலை. குளம் பாலைக் கொட்டியதுபோல் மினுங்கியது. டெல்பர்ட் தோட்டக் குழாயின் முனையில் ஒரு பழைய சாக்ஸைக் கட்டினான், நீர் பீய்ச்சிப் பச்சைப் பூச்சு கரையாமல் இருக்க.

"இனிமே தண்ணி நிக்கவே கூடாது. விளிம்பு வரைக்கும் ஒரே மூச்சு. எங்கப்பா அடுப்பு? கொண்டு வந்த பன்னி விலா எலும்பை வாட்டுங்க, கொண்டாடிடலாம்!"

தண்ணீர் விழுந்தது. வெண்டல் முதல் முறையாக உட்கார்ந்தான். குளம் நிறைந்தால் பாரம். பாரம் இருந்தால் அசையாது. அசையாவிட்டால் ட்ராவிஸ் கீ வெஸ்ட்டில் மீன் பிடித்துக்கொண்டே இருப்பான்!

"மிஸ்டர் ஹார்ப்பர்!"

குழாயிலிருந்து விழுந்த நீர் சொட்டாகி... நின்றது.

டோரீன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"மூணாம் விதி. ஒத்தைப்படை நம்பர் வீட்டுக்காரங்க இன்னிக்கு தோட்டக் குழாய் தொறக்கக் கூடாது. நாளைக்குக் காலைல தொறந்துக்குங்க."

"டோரீன்! பூச்சு ஈரமா இருக்கும்மா. இப்ப தண்ணி விடலைன்னா வெடிச்சுடும்!" என்றான் டெல்பர்ட்.

"விதி செடிக்கா, குளத்துக்கான்னு பிரிச்சுப் பாக்காது."

"மேடம்... கெஞ்சிக் கேக்கறேன்..." வெண்டல் எழுந்தான். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். குளம் நெறையணும்!"

"தளத்தைத் தொடலை, நல்ல பிள்ளை. அதுக்காக விதியை மாத்த முடியுமா? வேணும்னா ஷெரீஃபைக் கூப்பிடட்டுமா?"

வெண்டல் உட்கார்ந்துவிட்டான்.

மேற்கே இடித்தது.

சொட்டு... இரண்டு சொட்டு... அப்புறம் வானத்தின் அடிப்பக்கமே கழன்றதுபோல் கொட்டியது. எல்லோரும் கொசுவலைத் தாழ்வாரத்துக்குள் ஓடினார்கள். டோரீனும்தான், மழையில் கோல்ஃப் வண்டி ஓட்டக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

"மழையே ரொப்பிடும் போலிருக்கே!" ஒரு மஞ்சள் சட்டை சிரித்தது.

ரொப்பவில்லை. குளத்துக்குள் கணுக்கால் அளவுதான் விழுந்தது. ஆனால் நாலு பக்கத்துப் புல்வெளி நீரும் கூரை நீரும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. வெண்டல் விலா எலும்பைக் கையில் பிடித்தபடி குளத்தையே பார்த்தான். 'அசையாதே... அசையாதே...'

டெல்பர்ட் காதைத் தீட்டினான்.

"என்னப்பா அது சத்தம்?"

க்ர்ர்ர்ர்ர்...

பூமிக்கு அடியில் யாரோ பல்லைக் கடித்தார்கள்.

"வெண்டல்! மூடியைக் கழட்டிட்டேன்னு சொன்னியே?"

"நான்..."

டமார்!

விளிம்புக் கற்கள் பறந்தன. ஏணி முறுக்கிக்கொண்டது. முழுக் குளமும், அந்த வெள்ளை வெளேர் குளம், ஆழப் பக்கத்தை முன்னால் நிமிர்த்திக்கொண்டு மண்ணிலிருந்து எழுந்தது! சுற்றிலும் இருந்த தளம் துண்டு துண்டாகச் சாய்ந்தது.

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டோரீன்தான் முதலில் சுதாரித்தாள். கேமரா அவள் கையில்.

"ரெண்டடி உயரக் கட்டுமானம்! அனுமதி இல்லாம! பதினாறாம் விதி..."

சட்டென்று அவள் குரல் அறுந்தது.

பிளந்த தளத்துக்கு அடியிலிருந்து, சேற்றுத் தண்ணீரில் மெல்லப் புரண்டு வெளியே வந்தது...

நீளமாக.

ஆள் அளவில்.

ஒரு நீலத் தார்ப்பாய் மூட்டை!

வெண்டலின் கையிலிருந்து விலா எலும்பு விழுந்தது. வெளியே ஓடினான். மழையில், சேற்றில், முட்டி போட்டுவிட்டான்.

"நான்தான்!" கதறினான். "நான்தான் தள்ளினேன்! மூணு வருஷம் என் சோபாவுல கிடந்தான்... என் பீரைக் குடிச்சான்... உலகமே என்னைப் பாத்துச் சிரிக்க வச்சான்! தாங்க முடியல, டெல்பர்ட்! ட்ராவிஸைக் கொன்னது நான்தான்!"



"ட்ராவிஸா?" டெல்பர்ட்டின் குரலில் பழைய டெபுடி எழுந்து நின்றான். "யாரும் அசையாதீங்க."

நடந்து போனான். குனிந்தான். பேனாக் கத்தியால் தார்ப்பாயைக் கீறினான்.

உள்ளே எலும்புகள். பழைய எலும்புகள். அவற்றின்மேல், ஒரு நூல்கூடப் பிரியாமல், கடுகு மஞ்சள் பாலியெஸ்டர் சட்டை!

பையின்மேல் சிவப்பு நூலில் பெயர்.

வர்ஜில்.

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். மற்ற மூன்று மஞ்சள் சட்டைகளும் தலை குனிந்தன. ஓடிப்போனவன் என்று இத்தனை வருஷமாய் அவர்கள் திட்டியவன் இங்கேயே, அவர்கள் காலடியிலேயே கிடந்திருக்கிறான்!

பிறகு டெல்பர்ட் மெதுவாகத் திரும்பினான்.

"வெண்டல்... இது வர்ஜில்."

"எ... என்னது?"

"இது ட்ராவிஸ் இல்லப்பா. அப்ப ட்ராவிஸ் எங்க?"

வெண்டல் மூட்டையைப் பார்த்தான். மஞ்சள் சட்டைகளைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"...மீன் பிடிக்கப் போயிருக்கான்."

எல்லோர் பார்வையும் மண்ணை விட்டு எழும்பி நின்ற குளத்தின் ஆழப் பக்கத்துக்குப் போனது. வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் மச்சான் அடியிலேயே தூங்கியிருப்பான்!

"டோரீன் எங்க?" என்று அலறினான் டெல்பர்ட்.

வாசலில் கோல்ஃப் வண்டி உறுமியது. தன் விதியையே மீறி, கொட்டும் மழையில், கொடி படபடக்கப் பறந்தாள் டோரீன்!

பறந்தாள் என்றால்... சங்கம் அனுமதித்த வேகத்தில்தான். பின்னால் நாலு மஞ்சள் சட்டையும் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடின. தெருமுனையில் அவள் வைத்த 'நில்' பலகை. நாய்கூட இல்லாத முனை. டோரீன் வண்டியை முழுசாக நிறுத்தினாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

இடது பக்கம் மறுபடி பார்த்தபோது டெல்பர்ட் சாவியைப் பிடுங்கியிருந்தான்.

"ஏம்மா? வர்ஜில் என்ன பாவம் பண்ணினான்?" சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"குப்பைத் தொட்டி..." அவள் உதடு துடித்தது. "புதன்கிழமை எடுத்துட்டுப் போவாங்க. அந்த மனுஷன் செவ்வாய்க்கிழமையே வெளில வைப்பான். எத்தனை தடவை சொல்றது?"

"நடன டீச்சர்?"

"அப்படி ஒருத்தியே கிடையாது."

"உன் கண்ணீரை நம்பினேனே!"

"நான் அழுதது நெசம், டெல்பர்ட். மறுநாள் தளம் போட வந்தவங்க தப்பான கலர்ல போட்டுட்டாங்க."

மழை விட்டபோது ஷெரீஃபின் வண்டிகள் தெருவை அடைத்திருந்தன. எல்லாம் சங்க விதிக்குப் புறம்பாக, புல்வெளியில் சக்கரம் ஏற்றி நின்றன. பின்சீட்டில் இருந்த டோரீனால் அதைத் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ட்ராவிஸை எடுக்கக் குளத்தின் தரையை உடைத்தார்கள். அன்று பூசிய வெள்ளைப் பூச்சு ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. அதன்மேல் மெஷின் இறங்கியபோது வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கைபட்டு உருப்படியாக முடிந்த ஒரே வேலை அது.

பையில் போன் அடித்தது. பெவர்லி. அவன் எடுக்கவில்லை. இந்த முறை எடுக்க முடிந்தும் எடுக்கவில்லை. அவளுக்கு என்ன சொல்வது? தம்பியைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான்.

இளம் டெபுடி கைவிலங்கை மாட்டினான்.

"மிஸ்டர் ஹார்ப்பர்! நீங்க பேசாம இருக்கலாம், அது உங்க உரிமை. வக்கீல் வச்சுக்கலாம், அதுவும் உங்க உரிமை."

குனிந்திருந்த வெண்டலின் தலை நிமிர்ந்தது. கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு!

"வக்கீலா? அவன் கேக்கற காசுக்கு ஒரு படகே வாங்கிடலாம். என் கேஸை நானே வாதாடுவேன். வீடியோ இருக்கு!"

டெல்பர்ட் பெருமூச்சுடன் அவன் தோளைத் தட்டினான்.

"இந்தத் தடவையாவது நம்ம ஊர்க்காரன் எடுத்த வீடியோவா பாருப்பா!"